வெளியே கட்டாத பெட்டி

பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிப் போன பத்தாவது நிமிடம். சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய திரையில் அவன் வீட்டுப் பக்கத்தைத் திறந்தான். நான்கு நாளாக அதைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தான், வாய்ப்புண்ணை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. பக்கத்தின் அடியில், சின்னச் சாம்பல் எழுத்தில், நான்கு நாளும் 'படங்கள்: 0' என்றுதான் இருந்தது. இன்றைக்கு 'படங்கள்: 1'.

வீட்டுப் பக்கம் என்பது அந்த வீட்டுக்கு மட்டுமான இணையதளம். அப்படி ஒன்று இருப்பது ஊர் உலகத்துக்குத் தெரியாது. வீட்டு வைஃபைக்குள் இருந்தால் திறக்கும், வாசலைத் தாண்டினால் இல்லை. மகள் பிறந்த வாரத்தில் மனைவி போட்ட சட்டத்தால் வந்தது அது. “என் பிள்ளை மூஞ்சி கண்டவன் கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்” என்றாள். நர்ஸ் அல்லவா, யார் படம் யார் ஃபோனில் சுற்றுகிறது என்று நிறையப் பார்த்தவள். அவனோ இணையதளம் கட்டிக் கொடுத்துப் பிழைப்பவன். ஊருக்கெல்லாம் கட்டுகிறவன் தன் வீட்டுக்கு ஒன்று கட்ட மாட்டானா? வாசல் கதவை ஒட்டி, செருப்பு அலமாரிக்கு மேலே, மூடி வைத்த பழைய லேப்டாப் ஒன்றில் கட்டினான்.

அந்த லேப்டாப்புக்குள் மூன்று பெட்டிகள் ஓடின. தொழிலில் கன்டெய்னர் என்பார்கள், அவனுக்கு வாயில் வருவது பெட்டி. பக்கத்தைக் காட்ட ஒன்று, தேதிகளுக்கும் குறிப்புகளுக்கும் ஒன்று, படங்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். புதுப் பதிப்பு வந்தால் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டியை வைத்துவிடலாம், அதுதான் இதில் இருக்கிற சௌகரியம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தங்க வேண்டிய பொருளைப் பெட்டிக்கு வெளியே, ஒரு ஃபோல்டரில் வைத்து, ஒரு வரி எழுதிப் பெட்டியோடு கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் பெட்டி போகும்போது உள்ளே இருந்ததும் அதோடு போய்விடும்.

ஐந்து வருடத்துக்கு முன், ஏதோ ஒரு சோதனைக்காக அந்த வரியை எடுத்தவன், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டான். அந்த நாளை வரவே இல்லை. பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்பதுதானே அவன் தொழிலில் முதல் பாடம். ஞாயிறுதோறும் பேக்கப் தானாக ஓடி, வெளி ஃபோல்டரை இன்னொரு டிஸ்க்கில் பத்திரமாக நகலெடுத்து வைத்தது. காலி ஃபோல்டரை. இருநூற்று அறுபது ஞாயிற்றுக்கிழமைகள்.

போன வியாழக்கிழமை, புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று கண்ணை உறுத்திக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளியை ஒழித்துவிடுவோம் என்று பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டான். புதுப் பெட்டி வந்து நின்றது, மொழுமொழுவென்று, துடைத்து வைத்த மாதிரி. 4,216 படங்கள். மகளின் ஐந்து வருடம். ஃபோனிலும் இல்லை, ஏற்றிய கையோடு ஃபோனில் அழித்துவிடுவது வழக்கம். மனைவியிடம் “சர்வர் ரிப்பேர்” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவனுக்கே தெரியும். ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது ஒன்று வந்திருக்கிறது.

அழுத்தினான். இரண்டு வயது மகள், குளியலறை முக்காலியில் ஏறி நின்று, முகம் முழுக்க அவனுடைய ஷேவிங் நுரை. அவன் எடுத்த படம்தான். நுரை வாய்க்குள் போய்த் தூ தூ என்று துப்பியதும், துப்பிவிட்டு இன்னும் வேண்டும் என்று கை நீட்டியதும் அப்படியே நினைவுக்கு வந்தது. அவளுக்கு ஊரறிந்த பெயர் வாலு. அந்தப் பெயருக்கு அவள் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் அழுதான், சந்தோஷத்தில்தான்.

பிறகு தாடியைக் கூப்பிட்டான். தாடி அவனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவன். தாடியை எடுத்து ஆறு வருடமாகிறது, பெயர்தான் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

“தானா வந்துச்சா?”

“தானாத்தான்டா.”

“போடா. பெட்டிக்குள்ள எதுவும் தானா வராது. வெளிய எதையோ கட்டியிருக்க. எதைக் கட்டினேன்னு முதல்ல பாரு.”

“நான் எதையும் கட்டலை.”

“அப்போ உன் வீட்டு எலி கட்டுச்சா?”

பார்த்திருக்க வேண்டும். எது எதோடு கட்டியிருக்கிறது என்று காட்ட ஒரே ஒரு கட்டளை போதும், ஐந்து விநாடி வேலை. அவன் பார்க்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உள்ளே இருந்தது பயம். கையை வைத்து இந்த ஒன்றும் போய்விட்டால்?

மறுநாள் காலை அவன் முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருக்கும்போது மகள் குளியலறை வாசலில் வந்து நின்றாள். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. அவன் அவள் மூக்கில் ஒரு பொட்டு நுரை வைப்பான், அவள் உடனே மிரட்டும் குரலில் “இன்னும்!” என்பாள். மூன்று வருடமாக ஒரு காலையும் தவறாத விளையாட்டு. அவன் விரலை நீட்டினான். அவள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அப்பா, மூஞ்சில என்ன அது?”

“நுரைடா. நம்ம நுரை.”

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, ஓடாமல், நடந்து போனாள். இன்றைக்கு ஏதோ மனநிலை சரியில்லை, பிள்ளைகள் அப்படித்தான் என்று அவன் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

அன்று படங்கள் 9. வியாழன் 60. வெள்ளி மதியத்துக்குள் 300ஐத் தாண்டியது. எதுவும் செய்யாமல் உட்கார்ந்து கவனித்ததில், ஒரு படம் வரும்போதெல்லாம் செருப்பு அலமாரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வருவதைக் கண்டுபிடித்தான். பழைய டிஸ்க்கின் கரகரப்பு, மரப்பலகையை நகத்தால் ஒரு முறை கீறுகிற மாதிரி சின்னச் சத்தம். கீறல், எண் ஒன்று கூடும். கீறல், இன்னொன்று. லேப்டாப்பின் விசிறி வழக்கத்தைவிட உரக்க ஓடியது, சூடான தூசி வாசனையோடு இன்னொரு வாசனையும் கலந்து வந்தது, அது என்ன என்று பிடிபடவே அரை நாள் ஆனது. தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை வாசனை. அவனுக்கு அது பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. போகும்போதும் வரும்போதும் அலமாரி முன் நின்று மூச்சை இழுத்துக்கொண்டான்.

மனைவிக்கு ஒரே கொண்டாட்டம். வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஃபோனில் வீட்டுப் பக்கத்தைத் திறந்துவிடுவாள்.

“ரிப்பேர்னு சொன்னீங்க, முன்ன இருந்ததவிட நல்லா இருக்கே!”

“கொஞ்சம் கொஞ்சமா வரும்.”

“இங்க பாருங்க, எல்லாத்துலயும் நம்மளயே பாக்குறா.”

அப்போதுதான் அவன் கவனித்தான். கேமராவை எடுத்தாலே முதுகைக் காட்டி ஓடுகிறவள் வாலு. பழைய படங்களில் பாதி வெறும் பின்னந்தலை, கலங்கிய கை, ஓடுகிற கால். அவற்றில் எதை எதை எப்படி எடுத்தோம் என்று அவனுக்குத் தெரியும். கடற்கரையில் அவள் அலையைப் பார்த்து நின்ற படத்தில் அவன் எடுத்தது முதுகைத்தான். இப்போது அதில் முகம் இருந்தது. கழுத்தைத் திருப்பி, நேராக, எடுக்கிறவனையும் தாண்டிப் பார்க்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் படத்திலும் அப்படியே. சிரிக்கிற வாய், சிரிக்காத கண்.

“நல்லாத்தான் இருக்கு” என்றான். வேறென்ன சொல்வான்?

வீட்டுக்குள் மகள் அமைதியாகிக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை சைக்கிளை எப்படி ஓட்டுவது என்று கேட்டாள், ஒரு வருடமாக ஓட்டுகிறவள். செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுத் தோழி வந்து கூப்பிட்டபோது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று உள்ளே வந்து சொன்னாள். மாலையில் பக்கத்தைத் திறந்தால், சைக்கிள் படங்கள் நாற்பதும் வந்திருந்தன, தோழியோடு எடுத்த பிறந்தநாள் படங்களும் வந்திருந்தன. அவன் அதைப் பார்த்தான், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று தெரிந்தது, தெரிந்ததும் திரையை அணைத்தான். மனைவி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. “வளர்ற பிள்ளை, அடங்குறா. எத்தனை நாளைக்குத்தான் வாலா இருப்பா?” என்றாள்.

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

“வீட்டுல எதாவது பிரச்சினையா சார்?”

“இல்லையே, ஏன் மேடம்?”

“ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கா. உக்காருன்னா உக்காருறா. எந்திரின்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கறதில்ல. இன்னைக்கு லன்ச் பெல் அடிச்சும் எந்திரிக்கல சார்.”

அவன் ஃபோனை வைத்தான். அலமாரிப் பக்கம் கீறல் கேட்டது. கீறல். கீறல். எண் 3,100ஐத் தாண்டியிருந்தது. அப்போதாவது மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் கேள்வி, எப்போதிலிருந்து என்பதாக இருக்கும். அதற்குப் பதில் சொன்னால் இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமைக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த ஒரு வரிக்குப் போக வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான்.

சனிக்கிழமை மனைவிக்குப் பகல் வேலை. மகளுக்குப் பள்ளி இல்லை. நல்ல வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழல் மேஜை மேல் வரி வரியாக விழுந்திருந்தது. மகளுக்குச் சோறு போட்டு, கையில் கரண்டியைக் கொடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான். சாப்பிடு என்றான், சாப்பிட ஆரம்பித்தாள். கரண்டி தட்டில் படும் சத்தம் ஒரே சீராக இருந்தது, கடிகாரம் மாதிரி. ஊட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். ஒரு தகப்பன் கேட்டு வாங்க வேண்டிய வரம். அவனுக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை.

அந்த ஒரு கட்டளையை அடித்தான்.

படப் பெட்டி எதோடு கட்டியிருக்கிறது என்ற பட்டியல் வந்தது. காலியாக இருக்க வேண்டும். ஒரு வரி இருந்தது. இடது பக்கம் வெளியே இருக்கும் இடம், வலது பக்கம் பெட்டிக்குள் அது போய்ச் சேரும் இடம். வலது பக்கம் சரியாகத்தான் இருந்தது, படங்களின் ஃபோல்டர். இடது பக்கத்தில் எந்த டிஸ்க்கின் பெயரும் இல்லை. அவன் மொழியில், சாதாரண எழுத்தில், இப்படி இருந்தது: வீடு / உள்ளறை / கட்டில் / சுவரோரம் / தலையணைக்கு மேல்.

மகள் படுக்கும் இடம். தலையணைக்கு மேல் இருப்பது அவள் தலை.

அடுத்த வரியில் அனுமதிகள். இப்படிக் கட்டும்போது படிக்க மட்டும் என்று போட்டால், பெட்டி வெளியிலிருப்பதைப் பார்க்கும், தொடாது. இங்கே அப்படிப் போடவில்லை. படிக்க, எழுத, அழிக்க.

தாடி மூன்றாவது மணியில் எடுத்தான். அவன் சொன்னதில் பாதிதான் தாடிக்குப் புரிந்திருக்கும்.

“யாரோ உள்ள புகுந்து விளையாடுறான்டா. யோசிக்காத. பெட்டியை நிறுத்து. முதல்ல நிறுத்து, அப்புறம் பேசு.”

நிறுத்தும் கட்டளையை அடித்தான்.

நிறுத்து என்றால் பெட்டி உடனே நிற்காது. மூட்டை கட்டிக்கொள்ள அதற்குப் பத்து விநாடி கொடுப்பார்கள். ஒன்று. இரண்டு. அலமாரி மேல் விசிறியின் சுருதி இறங்கியது. ஐந்து. ஆறு. கரண்டி தட்டில் பட்டது. எட்டு. கரண்டி தட்டில் படவில்லை. ஒன்பது. பத்து.

விசிறி நின்றது. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்த்தான். கரண்டி வாய்க்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது. வாய் திறந்திருந்தது. கண் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை. “வாலு” என்றான். கரண்டியிலிருந்து ஒரு பருக்கை விழுந்தது. “வாலு.” மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. மூக்குக்குக் கீழே விரல் வைத்தான். காற்று இல்லை. ஓர் ஈ வந்து அவள் கீழிமையில் உட்கார்ந்தது. ஓரமாக நடந்தது. கண்மணி மேல் ஏறியது. இமை அசையவில்லை.

தட்டச்சு மட்டுமே தெரிந்த விரல்கள் தட்டச்சை மறந்தன. தொடங்கு என்ற ஒரு சொல். முதல் முறை தப்பு. இரண்டாம் முறை தப்பு. ஃபோனுக்குள் தாடி ஏதோ கத்திக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை.

விசிறி எழுந்தது. ஈ பறந்தது. மகள் வாயை மூடி, மென்று, விழுங்கினாள். கரண்டி தட்டில் பட்டது.

அவளைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கிக்கொண்டான். அவள் அழவில்லை, என்ன என்று கேட்கவும் இல்லை. தோளுக்கு மேலாகத் தட்டைப் பார்த்தாள். அவன் சாப்பிடு என்றுதான் சொல்லியிருக்கிறான், போதும் என்று இன்னும் சொல்லவில்லை. மனைவிக்கு மூன்று முறை ஃபோன் அடித்தான், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் ஃபோன் பையில்தான் இருக்கும். சீக்கிரம் வா என்று எழுதி அனுப்பினான்.

பிறகு அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். பெட்டிக்குள்ளிருந்து படங்களை வெளியே நகலெடுத்தான். எண்ணிக்கை சரியாக வந்தது, ஒவ்வொன்றாகத் திறந்தான், அத்தனையும் வெள்ளை. ஒரு முகம்கூட வெளியே வரவில்லை. கட்டியிருந்த வரியை எடுக்கப் பார்த்தான். அதை எடுக்க வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், அதுதான் விதி, அந்த விதி தெரியாமல் அவன் ஐந்து வருடத்தைத் தொலைக்கவில்லை. தெரிந்தேதான் தொலைத்தான். பெட்டியைத் தூக்கிப் போட்டால் உள்ளே இருப்பது போகும். உள்ளே இருப்பது படம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

நிறுத்தவும் முடியாது. தூக்கிப் போடவும் முடியாது. விட்டால் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது, அதுவும் கணக்கிலிருந்து வந்தது. பெட்டியில் இருந்தவை 4,216. அத்தனையும் திரும்பி வந்துவிட்டால் இழுப்பதற்கு என்ன இருக்கும்? நின்றுதானே ஆக வேண்டும்? மிச்சம் இருப்பது எவ்வளவோ, அதை வைத்து முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கலாம். நுரை, சைக்கிள், தோழியின் பெயர். ஒரு பிள்ளைக்கு ஐந்து வருடத்தை இன்னொரு தரம் கற்றுக் கொடுக்க முடியாதா? முடியும். லேப்டாப்பை ஆயுசுக்கும் அணையாமல் பார்த்துக்கொள்ளலாம், புது பேட்டரி போடலாம், மின்சாரம் போகாமல் ஏற்பாடு செய்யலாம். மனைவியிடம் காலில் விழுந்து சொல்லலாம். மகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, அவன் வரிசையாகத் திட்டம் போட்டான்.

4,190. வெயில் மேஜையை விட்டு இறங்கிச் சுவருக்குப் போனது. 4,203. கீறல். 4,211. மடியில் பாரம் இருந்தது, சூடு இல்லை.

“நான் யாரு, சொல்லு.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள், கடைக்காரர் சில்லறை எடுத்து வரும் வரை காத்திருக்கிற மாதிரி, மரியாதையாக.

“அப்பா. நான் அப்பா. சொல்லு.”

“அப்பா நான் அப்பா சொல்லு” என்றாள்.

4,214. கீறல். 4,215.

4,216.

விசிறி தணிந்தது. கீறல் இல்லை. ஒரு நிமிடம் பார்த்தான். இரண்டு நிமிடம். எண் அசையவில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் அவனுக்கு மூச்சு வந்தது, மூச்சோடு அழுகையும் வந்தது. மகளின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். போதும், இவ்வளவு போதும், இதற்கு மேல் எடுக்காமல் விட்டால் போதும் என்று யாரிடம் என்று தெரியாமல் நன்றி சொன்னான். உச்சந்தலையில் எந்த வாசனையும் இல்லை.

கீறல்.

4,217.

அப்படி ஒரு படம் இருந்ததில்லை. அவன் எடுத்ததில்லை, யாரும் எடுத்ததில்லை. தானாகத் திறந்து திரை முழுக்க நின்றது. செருப்பு அலமாரிக்கு மேலிருந்து பார்க்கிற கோணம். இதே அறை. இதே வெயில் சுவரில். தூரத்தில் மேஜை, நாற்காலியில் அவன், அவன் மடியில் ஒரு பிள்ளை. முன்னால், மிக அருகில், திரைக் கண்ணாடியில் உள்பக்கமிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, வாலு. வாய் முழுக்கத் திறந்து அலறிக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர். ஐந்து வருடமும் அந்த முகத்தில் இருந்தது, அத்தனை நினைவும், அத்தனை குறும்பும், அவளை அவளாக்கிய எல்லாமும். உதடுகள் என்ன சொல்கின்றன என்று அவனுக்குத் தெரிந்தது. அப்பா. அப்பா. அப்பா.

கீறல். 4,218. அதே படம், உள்ளங்கைகள் இன்னும் அழுந்தியிருந்தன. பின்னால், நாற்காலியில், மடியிலிருந்த பிள்ளை தலையைத் திருப்பி அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மடியில் தலை திரும்பியது. அவன் குனிந்து பார்க்கவில்லை.

வாசல் கதவு திறந்தது. மனைவி. தோளில் பை, கையில் ஃபோன், கண் ஃபோனில். வாசலோர முக்காலியில் உட்கார்ந்தவள் ஒரு செருப்பை மட்டும் கழற்றியிருந்தாள்.

“ஏங்க! எல்லாம் வந்துடுச்சு! உங்க மெசேஜப் பாத்து நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன், இதுக்குத்தானா?” விரல் திரையில் ஓடியது. “இது என்ன புதுசு? எப்ப எடுத்தீங்க? இதுல ஏன் இப்படி அழறா?”

அழுகிற படம் அவளுக்கு ஆகாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை நாற்பது நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவள் அவள். சத்தம் வெளியே வராத அந்த அழுகையை அதற்குப் பிறகு பார்க்கவே மாட்டேன் என்றிருந்தாள். அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், இவனைக் கேட்காமலே, அப்போதே அழித்துவிடுவாள்.

அவன் வாயைத் திறந்தான். சொல் வருவதற்குள் ஒரு சின்னக் கை அவன் வாய் மேல் வந்து பொத்தியது. குளிர்ந்த கை. மெதுவாகத்தான் வைத்தது. அவன் தலையை உதறினான், கை அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், ஐந்து வயதுப் பிள்ளையின் கை, ஆணி அடித்த மாதிரி இருந்தது. மனைவியைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை.

“அழறதெல்லாம் எதுக்குங்க” என்றாள். “எடுத்துடறேன்.”

4,217.

பெரிய திரையில் எண் ஒன்று குறைந்து, படம் மாறியது. அதே அறை, அதே கோணம், அதே கண்ணாடி. கண்ணாடியில் இரண்டு சின்ன உள்ளங்கைகளின் ஈரத் தடம் மட்டும் இருந்தது, விரல் தடங்கள் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. பின்னால், நாற்காலியில், பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“இது நல்லா இருக்கு” என்றாள் மனைவி, இன்னொரு செருப்பைக் கழற்றியபடி.